உப்பளத்திலிருந்து யூ.சி. (பயன்பாட்டுச் சான்றிதழ்) வரை: பல்கலைக்கழகம் வழியாக வரும் நிதியில் ஆய்வும் செய்தியும் சேர்ந்த திட்டத்தை நடத்துவது எப்படி

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எங்கள் இதழியல் துறை ஒரு திட்டம் நடத்தியது. மத்திய அரசு சார்ந்த ஒரு நிதி அமைப்பு பணம் தந்தது. ஆய்வறிக்கை எழுத வேண்டும், அதே களத்திலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குத் தொடர் கட்டுரைகளும் தர வேண்டும். நான்தான் முதன்மை ஆய்வாளர். வெயிலும் உப்புக் காற்றும் எதிர்பார்த்ததுதான். பல்கலைக்கழக அலுவலகத்திலும் வங்கியிலும் தணிக்கையிலும் என்னென்ன கேட்பார்கள் என்பதை மட்டும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், எல்லாமே வாய்மொழி.

தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், சமூக அறிவியலோ இதழியலோ சார்ந்த துறையில், முதல் முறை இப்படி ஒரு திட்டத்தைக் கையில் எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆய்வு மட்டும் என்றால் பாதித் தலைவலிதான். செய்தியும் சேரும்போது ஒரே ஆளிடம் இரண்டு விதமான வாக்குறுதி கொடுக்கிறோம், ஒரே பணத்துக்கு இரண்டு விதமான காலக்கணக்கு வருகிறது. அந்த இடங்களில்தான் நான் அதிகம் மாட்டிக்கொண்டேன், அதனால் அவற்றைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

1. பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

உள்நாட்டு நிதி என்றால் நேராக இரண்டாம் படிக்குப் போங்கள். ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம்) போன்ற அமைப்புகள் சமூக அறிவியல் ஆய்வுக்கு விண்ணப்பம் கேட்கும்போது தலைப்பு பொருந்தினால் இதழியல் துறையும் போடலாம்.

வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று மின்னஞ்சலில் ஆர்வம் காட்டுகிறது என்றால் அங்கேயே நில்லுங்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன் 3ஆம் பிரிவு, பதிவு பெற்ற செய்தித்தாளின் நிருபர், பத்தி எழுத்தாளர், கேலிச்சித்திரக்காரர், ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகியோர் வெளிநாட்டுப் பங்களிப்பு வாங்கக் கூடாது என்கிறது. மின்னணு வழியில் செய்தி, நடப்பு நிகழ்ச்சி தயாரித்து ஒளிபரப்பும் அமைப்புகளுக்கும் அதே தடை. அப்புறம் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பங்களிப்பை வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவே முடியாது, அந்த அமைப்பும் பதிவு பெற்றதாக இருந்தாலும் சரி. “பல்கலைக்கழகம் வாங்கட்டும், பத்திரிகைக்கு நாம் ஒரு பங்கு கொடுத்துவிடலாம்” என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள், சிக்குவது நீங்களும் அந்த நிருபரும். நிதி அலுவலரிடமும் பல்கலைக்கழகச் சட்ட ஆலோசகரிடமும் எழுத்தில் கருத்து வாங்கிய பிறகே பதில் அனுப்புங்கள்.

2. பட்ஜெட்: பின்னால் கேட்டால் கிடைக்காதவற்றை இப்போதே எழுதுங்கள்

ஆய்வு நிதி தலைப்புத் தலைப்பாகத்தான் வரும். பணியாளர், களப்பணியும் பயணமும், உபகரணம், தற்செயல் செலவு, நிறுவன மேல்செலவு என்று இருக்கும். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமானால் பெரும்பாலும் நிதி தந்த அமைப்பின் முன் அனுமதி வேண்டும். இந்தத் தலைப்பைத்தான் அலுவலகம் பேச்சுவழக்கில் ‘ஹெட்’ என்று சொல்லும். “அந்த ஹெட்டில் பணம் இல்லை” என்று ஒருமுறை ஃபைல் திரும்பி வந்தால் ஒரு மாதம் போச்சு.

விண்ணப்பத்தில் நான் போட மறந்தவை இவை. ஒலிப்பதிவை எழுத்தாக்கும் கூலி. ஒரு மணி நேரத் தூத்துக்குடிப் பேச்சை எழுத்தில் இறக்க எங்கள் உதவியாளருக்கு ஐந்தாறு மணி நேரம் ஆனது, உப்பளத்துச் சொற்கள் தெரியாத ஆளாக இருந்தால் இன்னும் கூடும். கட்டுரை வெளிவரும் முன் ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்க்கும் கட்டணம். கணக்குத் தணிக்கையாளர் கட்டணம். தரவைப் பத்திரப்படுத்த இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டு வேறு இடங்களில் வைக்க. உதவியாளர்களுக்கு விபத்துக் காப்பீடு. தகவல் உரிமை விண்ணப்பச் செலவு, நகல் கட்டணம். நேர்காணல் கொடுப்பவர் இழக்கும் கூலிக்கு ஈடாக ஒரு தொகை. இந்தக் கடைசிச் செலவைத் ‘தற்செயல் செலவு’ என்று அடக்கிவிட்டால் பிறகு தணிக்கையில் கேள்வி வரும், அதனால் தனி வரியாக எழுதி ஒரு வாக்கியத்தில் நியாயமும் சொல்லுங்கள். காலை வேலையை விட்டுவிட்டு நம்மிடம் பேசுகிறவருக்கு அன்றைய கூலி போகிறது, அதைத்தான் தருகிறோம் என்று எழுதினால் போதும்.

மேல்செலவு என்பது பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் பங்கு. அது மொத்தத் தொகைக்குள் அடங்குமா, மேலே தனியாக வருமா என்று விதிமுறையில் பார்த்துவிட்டு மற்ற எண்களைப் போடுங்கள்.

3. நிதி ஒப்புதல் ஆணை வந்த முதல் இரண்டு வாரம்

ஆணையை மூன்று முறை படியுங்கள், ஒரு பென்சிலோடு. தொடக்க நாள், தவணை எத்தனை, ஒவ்வொரு தவணைக்கும் என்ன கேட்கிறார்கள், வெளியீட்டுக்கு முன் அனுமதி வேண்டுமா, நன்றி அறிவிப்பு எந்த வாசகத்தில் போட வேண்டும் என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி மேசை மேல் ஒட்டுங்கள். வெளியீட்டு நிபந்தனைதான் நமக்கு உயிர். சில ஆணைகளில் அறிக்கை ஏற்கப்படும் வரை எதையும் வெளியிடக் கூடாது என்று இருக்கும். அப்படி இருந்தால் களத்துக்குப் போகும் முன்பே, திட்டத்தின் பகுதியாகவே செய்திக் கட்டுரைகள் இடையில் வெளிவரும் என்று கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள். விண்ணப்பத்தில் எழுதியிருந்தோமே என்ற நம்பிக்கையில் இருக்காதீர்கள்.

அதே வாரத்தில் பதிவாளர் வழியாக ஏற்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப்.எம்.எஸ். எனப்படும் பொது நிதி மேலாண்மை அமைப்பில் பதிவு எல்லாம் நடக்க வேண்டும். கணக்கு பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும். உங்கள் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாயும் வரக் கூடாது, யார் அவசரப்படுத்தினாலும். பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் கணக்கின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சரிபார்ப்பு நின்றுவிடும், அதனால் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்து அப்படியே அடியுங்கள்.

காலக்கணக்கில் நான் செய்த தவறு ஒன்று. திட்டத் தொடக்க நாளைக் கேட்டபோது “உடனடியாக” என்று எழுதினேன். பணம் அக்டோபரில் வந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, உப்பளத்தில் வேலை கிடையாது, பாத்திகளில் மழைத் தண்ணீர் நிற்கும். ஆட்கள் ஊரில் இருப்பார்கள், ஆனால் நாங்கள் பார்க்க வேண்டிய வேலை நடக்காது. உப்பு வாரும் காலம் வரும்போது மார்ச் நெருங்கிவிட்டது, நிதியாண்டு முடிகிறது என்று அலுவலகம் முன்பணம் தர மறுத்தது. உங்கள் களத்துக்கு என்ன பருவமோ, நடவோ அறுவடையோ மீன்பிடித் தடைக்காலமோ, அதைப் பார்த்துத் தொடக்க நாளைக் கேளுங்கள். கேட்டால் ஓரிரு மாதம் தள்ளிக் கொடுப்பதுண்டு.

4. பத்திரிகையுடன் கையெழுத்துப் போட்ட தாள்

ஆசிரியரோடு நல்ல பழக்கம் இருக்கிறது, போனில் பேசிக்கொண்டோம், போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஆசிரியர் மாறிவிடுவார். ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்: எத்தனை கட்டுரை, யார் பெயரில், தலைப்பை யார் வைப்பது, திருத்தினால் எங்களுக்குக் காட்டுவார்களா, படங்களின் உரிமை யாருக்கு, மூலத் தரவை அவர்கள் கேட்கலாமா. கடைசிக் கேள்விக்கு என் பதில் ‘கூடாது’. ஆய்வுக்காகப் பேசியவரின் ஒலிப்பதிவு பத்திரிகை அலுவலகக் கணினிக்குப் போகக் கூடாது. நிதி தந்த அமைப்புக்குக் கட்டுரையை முன்கூட்டிப் பார்க்கவோ மாற்றச் சொல்லவோ உரிமை இல்லை என்ற வரியையும் சேருங்கள், பத்திரிகையும் அதைத்தான் விரும்பும்.

சுதந்திரப் புகைப்படக்காரரை அமர்த்தினால் அவரிடமும் தனித் தாள். அந்தப் படங்களைத் திட்டம் முடிந்து மூன்று வருடம் கழித்து வேறொரு இடத்தில் பயன்படுத்த முடியுமா என்பது வரை எழுதிவிடுங்கள்.

5. ஒப்புதல் படிவம் இரண்டு வேண்டும்

இதை இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வில் நாம் சொல்வது, “உங்கள் பெயர் வெளியே வராது.” செய்தியில் நாம் கேட்பது, “உங்கள் பெயரும் படமும் போடலாமா?” இரண்டையும் ஒரே தாளில் கேட்டால், எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்று அவருக்கும் தெரியாது, ஆறு மாதம் கழித்து நமக்கும் தெரியாது. எங்கள் முதல் படிவம் அப்படித்தான் இருந்தது. ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து அனுமதி தரும் நிறுவன நெறிமுறைக் குழு அதைத் திருப்பி அனுப்பியது, அன்றைக்குக் கோபம் வந்தாலும் இன்றைக்கு அந்தக் குழுவுக்கு நன்றி சொல்கிறேன்.

ஆய்வுக்கு ஒரு படிவம், வெளியீட்டுக்கு வேறொரு படிவம், வேறு நிறத் தாளில். ஆய்வுப் படிவம் நேர்காணலுக்கு முன். வெளியீட்டுப் படிவம் கட்டுரை எழுதி முடித்த பிறகு, அவரைப் பற்றிய பகுதியை வாசித்துக் காட்டிய பிறகு. இரண்டாவது முறை போவதற்குப் பேருந்துச் செலவும் ஒரு நாளும் ஆகும், பட்ஜெட்டில் வையுங்கள். வாசித்துக் காட்டும்போது சிலர் பின்வாங்குவார்கள். எங்களுடைய சிறந்த நேர்காணல் ஒன்று அப்படிப் போனது. அந்த அம்மாவின் மகனுக்கு அதே அளத்தில் வேலை கிடைத்திருந்தது. வற்புறுத்தவில்லை, ஆய்வில் பெயரில்லாமல் மட்டும் இருந்தது.

படிவம் தமிழில் இருக்கட்டும், அலுவலகத் தமிழில் வேண்டாம். ‘தன்னார்வப் பங்கேற்பாளராகிய நான்’ என்று தொடங்கினால் அங்கேயே விட்டுவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்லி, திட்டத்தில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் கையெழுத்து வாங்குங்கள். சாட்சியாக மேஸ்திரியைக் கூப்பிடாதீர்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆய்வுக்கென்று நிபந்தனையோடு ஒரு விலக்கு இருக்கிறது, இதழியலுக்கு அப்படித் தனி விலக்கு இல்லை. ஆகவே ஆய்வுக்கென்று வாங்கிய தரவைச் செய்திக்குத் திருப்பும்போது அந்த விலக்கை நம்பாதீர்கள், வெளியீட்டுப் படிவம்தான் உங்களுக்குத் துணை. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டம் 23ஆம் பிரிவும், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும் தடுக்கின்றன. ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

நெறிமுறைக் குழு எல்லாப் பல்கலைக்கழகத்திலும் மாதாமாதம் கூடுவதில்லை. எங்களுக்கு விண்ணப்பித்ததிலிருந்து அனுமதி வர நான்கு மாதம் ஆனது. பணம் வரும் என்று தெரிந்த அன்றே விண்ணப்பியுங்கள்.

6. ஆள் எடுப்பது

விளம்பரம், தேர்வுக் குழு, நேர்முகத் தேர்வு, பதிவாளர் ஆணை, இந்த வரிசை மாறக் கூடாது. நல்ல மாணவர் ஒருவர் இருக்கிறார், நாளையிலிருந்து வரட்டும், ஆணை பிறகு வாங்கலாம் என்று வேலையைத் தொடங்கிவிட்டால் ஆணைத் தேதிக்கு முந்தைய நாட்களுக்குச் சம்பளம் கிடைக்காது. எங்கள் களப்பணியாளர் ஒருவருக்குப் பத்தொன்பது நாள் சம்பளம் அப்படிப் போனது, அவர் தூத்துக்குடியில் சொந்தச் செலவில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். என் அவசரத்துக்கு அவர் விலை கொடுத்தார், இன்றும் உறுத்துகிறது.

களத்தில் பெண்களிடம் பேச வேண்டும் என்றால் பெண் களப்பணியாளர் அவசியம். உள்ளூர்ப் பேச்சு தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

வெளியாட்களுக்குத் தரும் தொழில்முறைக் கட்டணம் ஆண்டு வரம்பைத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரி முன்பிடித்தம்) பிடிப்பார்கள். பான் எண் இல்லையென்றால் 20 சதவீதம். வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர், புகைப்படக்காரர் எல்லோரிடமும் தொகை பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் “பேசியது ஒன்று, வந்தது ஒன்று” என்று மனக்கசப்பு வரும்.

7. வாங்குவது

ஒலிப்பதிவுக் கருவி, கேமரா, மடிக்கணினி எதுவானாலும் கடைக்குப் போய் வாங்கிவிட்டு பில் போட முடியாது. சிறு தொகைக்கு ஒரு வழி, அதற்கு மேல் கொட்டேஷனும் கொள்முதல் குழுவும், அதற்கும் மேல் டெண்டர். மத்திய நிதி என்றால் பொது நிதி விதிகள் 2017, மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, இரண்டும் பேசப்படும். எந்தத் தொகைக்கு எந்த வழி என்று நிதி அலுவலரிடம் ஒரு குறிப்பு அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அரசு மின் சந்தையான ஜெம் தளத்தில் வாங்கச் சொன்னால் கூடுதலாக ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

பில் உங்கள் பெயரில் இருக்கக் கூடாது, பதிவாளர் பெயரில் துறைப் பெயரோடு இருக்க வேண்டும். பொருள் வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பக்க எண்ணைப் பில்லின் பின்னால் எழுதுங்கள். அந்தப் பக்க எண் இல்லாமல் எங்கள் பில் மூன்று முறை திரும்பியது.

8. களச்செலவும் வவுச்சரும்

முள்ளக்காட்டுப் பக்கம் ஒரு அளம். விடியும் முன்பே உப்பு வார வந்த ஒரு அம்மா, ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு வாளியைத் திறந்துகொண்டே எங்களிடம் பேசினார். பேசி முடித்ததும் கூலி ஈடாக 300 ரூபாயைக் கொடுத்து வவுச்சரை நீட்டினேன். கையெழுத்துத் தெரியாது, பெருவிரலை மையில் வைத்து அழுத்தினார். தாளில் ஒரு நீலத் தீற்றல் மட்டும் விழுந்தது, ரேகை விழவில்லை. உப்பு தின்ற விரல், வரிகளே தேய்ந்துபோயிருந்தன. இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் தாளையே பார்த்தார். “ஏம்மா, இதுல எம் பேரு எழுதியிருக்கியளே, இது எங்க போவும்? அளத்துக்காரர் கைக்குப் போயிராதுல்லா?”

என்னிடம் பதில் இல்லை. அந்த வவுச்சர் துறைக்குப் போகும், நிதிப் பிரிவுக்குப் போகும், தணிக்கைக்குப் போகும். ஆய்வறிக்கையில் பெயரை மறைத்துவிட்டு, பணம் கொடுத்த தாளில் பெயர், ஊர், தேதி, விரல் பதிவு எல்லாவற்றையும் நானே எழுதி வைத்திருக்கிறேன். மாநிலப் பல்கலைக்கழகம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் பொது அதிகார அமைப்பு, யார் வேண்டுமானாலும் நம் வவுச்சரின் நகலைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். தனிநபர் தகவல் என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுக்க இடமுண்டு, ஆனால் அந்த முடிவை எடுப்பது பொதுத் தகவல் அலுவலர், நாம் இல்லை. செய்தியாளர் தனக்குத் தகவல் தந்தவரின் பெயரை மறைக்க இந்தியாவில் பொதுவான சட்டப் பாதுகாப்பும் கிடையாது. பத்திரிகைக் கவுன்சில் சட்டம் 1978இன் 15(2) பிரிவு அந்தக் கவுன்சிலின் நடவடிக்கைகளுக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது இது, நீங்கள் முதல் நாளிலிருந்தே செய்யுங்கள். நேர்காணல் கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண். வவுச்சரில் எண், தொகை, தேதி, பணம் கொடுத்த களப்பணியாளர் கையெழுத்து, உடனிருந்த இன்னொரு திட்டப் பணியாளர் கையெழுத்து. எந்த எண் யார் என்ற பட்டியல் ஒரே ஒரு பிரதி, கையால் எழுதியது, உறையிலிட்டு அரக்கு வைத்து முதன்மை ஆய்வாளரின் பொறுப்பில். நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதத்தில் இந்த முறையை ஒரு பத்தியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், அந்தக் கடிதத்தை வைத்து நிதி அலுவலரிடம் முன்கூட்டியே குறிப்பு ஆணை வாங்குங்கள். ஆணை இல்லாமல் எண் போட்ட வவுச்சரைக் கொண்டுபோனால் செலவே இல்லை என்று தள்ளிவிடுவார்கள், அதில் அவர்கள் மீதும் தப்பில்லை. ஏற்கெனவே பெயர் எழுதிய வவுச்சர்களைக் கிழிக்கவோ மாற்றி எழுதவோ கூடாது, அது போலிக் கணக்காகிவிடும். அவற்றை மட்டும் தனி உறையில், தணிக்கையாளர் பார்த்துவிட்டுத் திரும்ப மூடும்படி ஒப்படைத்தோம்.

மற்றச் செலவுகள் எளிது. ஆட்டோவுக்கும் தேநீர்க் கடைக்கும் பில் கிடைக்காது, அதற்குச் சொந்தச் சான்று எழுதித் தரலாம், எவ்வளவு தொகை வரை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்க ரசீது என்றால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும், பத்து முத்திரை வாங்கிப் பையில் வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான பெட்ரோல் பில், பேருந்துச் சீட்டு எல்லாம் மூன்று மாதத்தில் வெளுத்துவிடும், அன்று மாலையே நகல் எடுங்கள். முன்பணம் வாங்கினால் களத்திலிருந்து திரும்பிய வாரமே கணக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு முன்பணம் முடியாமல் அடுத்தது கிடைக்காது.

9. தகவல் உரிமை விண்ணப்பத்துக்கு நாள் ஒதுக்குங்கள்

மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. யாருக்குக் கிடைத்தது, யாருக்கு விட்டுப்போனது என்று தெரிய நாங்கள் விண்ணப்பம் போட்டோம். விண்ணப்பம் குடிமகனின் பெயரில் இருக்க வேண்டும். துறையின் முத்திரைத் தாளில், ‘துறைத் தலைவர்’ என்று கையெழுத்திட்டு அனுப்பினால் திருப்பி அனுப்ப அதுவே காரணமாகிவிடும். கட்டணம் 10 ரூபாய், தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அது முடிய 30 முதல் 45 நாள். அதற்குப் பிறகு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு, அதற்கு 90 நாள் அவகாசம், விசாரணை எப்போது வரும் என்பதைத் திட்ட அட்டவணையில் எழுதவே முடியாது. ஆகவே முதல் மாதத்திலேயே போடுங்கள். ஒரே விண்ணப்பத்தில் இருபது கேள்வி வேண்டாம், மூன்று மூன்றாகப் பிரித்துப் போட்டதற்குத்தான் எங்களுக்கு உருப்படியான பதில் வந்தது.

10. அச்சுக்குப் போகும் முன்

கட்டுரையில் ஒரு நிறுவனத்தைப் பற்றியோ ஆளைப் பற்றியோ குறை சொன்னால், அவர்களுக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதில் சொல்ல ஒரு வாரமாவது கொடுங்கள். அனுப்பியதற்கும் பெற்றதற்கும் ஆதாரம் வையுங்கள். அவதூறு இன்றும் குற்றவியல் வழக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவு. வழக்கு வந்தால் செலவு யார் பொறுப்பு, பத்திரிகையா பல்கலைக்கழகமா என்று நாலாம் படியில் சொன்ன ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

படத்தின் பின்னணியையும் பாருங்கள். முகத்தை மறைத்திருப்போம், பின்னால் லாரியில் அளத்தின் பெயர் இருக்கும்.

11. மார்ச் 31ம் யூ.சி.யும்

தந்த பணத்தை அதே வேலைக்குத்தான் செலவழித்தோம் என்று சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழை எல்லோரும் யூ.சி. என்றுதான் சொல்கிறார்கள். பொது நிதி விதிகளில் 12-ஏ என்ற படிவம். அதோடு தலைப்புவாரிச் செலவு அறிக்கை, நிதி தந்த அமைப்பு கேட்டால் பட்டயக் கணக்காளர் சான்று. முதன்மை ஆய்வாளர், நிதி அலுவலர், பதிவாளர் என்று கையெழுத்து சுற்ற வேண்டும், ஏப்ரலில் எல்லாத் துறைகளும் அதே மேசைக்கு வரும். மார்ச் முதல் வாரமே உங்கள் கணக்கையும் நிதிப் பிரிவின் பேரேட்டையும் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கில் ஒரு பயணச் செலவு வேறொரு திட்டத்தின் தலைப்பில் ஏறியிருந்தது, அதைக் கண்டுபிடித்துத் திருத்தவே இரண்டு வாரம் பிடித்தது.

ஒரு செலவுக்கு ஒப்புதல் ஆனது, ஆனால் இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் அதைச் செலவாகக் காட்டாதீர்கள். மீதியை மார்ச்சில் எப்படியாவது தீர்த்துவிட வேண்டும் என்று மேசை நாற்காலி வாங்கவும் வேண்டாம். மீதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல அனுமதி கேட்கலாம். கணக்கில் சேர்ந்த வட்டி நம்முடையது இல்லை, அதையும் கணக்கு முடித்தவுடன் திருப்பிச் செலுத்த வேண்டும். மத்திய அரசு நிதி என்றால் அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் இணையதளம் வழியாகச் செலுத்தச் சொல்வார்கள், அந்த ரசீதின் நகல் இல்லாமல் இறுதி யூ.சி. நகராது.

அடுத்த தவணை, யூ.சி.யும் இடைக்கால அறிக்கையும் ஏற்கப்பட்ட பிறகுதான். எங்களுக்கு இடையில் ஐந்து மாதம் பணமே இல்லை. பணியாளர் சம்பளத்துக்குப் பல்கலைக்கழகம் முன்தொகை தருமா என்று அந்த இடைவெளி வரும் முன்பே கேட்டு வையுங்கள். தராது என்றால் பணியாளர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

12. முடித்த பிறகும் கொஞ்சம் வேலை

இறுதி அறிக்கை, எழுத்துத் திருட்டுச் சோதனைச் சான்று, இறுதி யூ.சி., சொத்துப் பட்டியல், மீதித் தொகை திருப்பிய ரசீது, இவ்வளவும் போனால்தான் திட்டம் முடிந்ததாக ஒரு கடிதம் வரும். அதைக் கேட்டு வாங்குங்கள், தானாக அனுப்புவார்கள் என்று காத்திருந்தால் வராது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் தணிக்கையும் உண்டு, அது சில ஆண்டுகள் கழித்தும் வரும். அப்போது கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் நீங்கள் ஓய்வு பெறும்போது நிலுவையின்மைச் சான்று நிற்கும். எல்லா வவுச்சருக்கும் ஒரு நகல் தொகுதி துறையில் இருக்கட்டும்.

பெயர்ப் பட்டியல் இருக்கும் அந்த அரக்கு வைத்த உறையை எப்போது அழிப்பது என்பதை நெறிமுறைக் குழு அனுமதியிலேயே தேதியோடு எழுதியிருக்க வேண்டும். எங்கள் தேதிக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. உறை துறை அலமாரியில் இருக்கிறது, சாவி என்னிடம். அதுவரை நான் விடுப்பில் போனால் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு குறிப்பு ஆணை வாங்கி உறையின் மேல் ஒட்டியிருக்கிறேன்.